கண்ணாடி போடு தம்பி

எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்து முடித்த கோல்கீப்பர் அதோடு நிறுத்தவில்லை. அதற்கும் கீழே, ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தான். வருடக்கணக்காக அதே அறையில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரருக்கே அங்கே ஓர் அச்சகத்தின் பெயர் இருப்பது தெரியாது. எழுந்து போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். சரியாகத்தான் படித்திருந்தான்.

“இன்னொரு தடவ பாருங்க சார்.”

“பாத்தாச்சு தம்பி. மெஷின்லயும் பாத்தாச்சு.”

“சைடுல?”

சைடிலும் பார்த்தார். தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் அவனுடைய காதுகளுக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்து விரலை ஆட்டினார். ஆட்டிய கணத்திலேயே எந்த விரல் என்று சொன்னான். ஆட்டாத விரலைப் பற்றிக்கூட, “அத இப்ப ஆட்டப் போறீங்க” என்றான். இப்படி ஒரு ஜோடிக் கண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. வேறு யாராவதாக இருந்திருந்தால் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

இவனைக் காட்ட முடியாது. தலையை நிமிர்த்தி இவனைப் பார்க்கவே முடியவில்லை. ஏனென்றால் ஊரே பாடும் அந்தப் பாட்டைக் கட்டியவர் அவர்தான்.

*பந்து இங்க, நீ எங்க? பாத்துப் புடி தம்பி!*
*வலைக்குள்ள போனது காத்தா? கண்ணாடி போடு தம்பி!*

போன சீசனில் ஒரு மழை ஆட்டம். பாதி மைதானத்திலிருந்து எவனோ சும்மா உதைத்த பந்து, சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து, கோல்கீப்பரின் கைக்கும் காலுக்கும் நடுவே பூனைக்குட்டி மாதிரி உள்ளே போயிற்று. வடக்கு கேலரியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது. கண்ணாடிக்காரர் மட்டும் எழுந்து நின்று கத்தினார். எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. இரண்டு வரி, மெட்டோடு வந்தது. கூடவே இரண்டு கைவிரல்களையும் வட்டமாக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த மச்சினன் டிரம்மில் தாளத்தைப் பிடித்துக்கொண்டான். ஆட்டம் முடியும்போது கேலரி முழுக்க விரல் கண்ணாடி. அடுத்த ஆட்டத்தில் நான்கு பக்கமும் பாடியது. அதற்கடுத்த ஆட்டத்தில் எதிரணி ரசிகர்களும் பாடினார்கள். “கண்ணாடிக் கடைக்காரனுக்கு வேற என்னய்யா தோணும்!” என்று முன்பின் தெரியாதவர்கள் முதுகில் தட்டினார்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் மூக்கின் மேல் எதையாவது உட்கார வைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு முதல் தடவையாகக் கைதட்டல் கிடைத்தது. சவரம் செய்யும்போதெல்லாம் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்.

டீம் கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தது. கோல்கீப்பரை விற்கப் பார்த்தார்கள். வாங்க ஆள் இல்லை. ஆகவே, வரப்போகும் சீசனுக்கும் அவனேதான்.

அவனுக்கு எதுவும் தெரியாது. மைதானத்துக்கு எதிர்மூலையில், சந்துக்குள் இருக்கும் கடை என்பதால் வந்திருந்தான். தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டுக்கொண்டு, மத்தியான வெயிலில், கடையில் யாருமில்லை என்று பார்த்துத்தான் உள்ளே நுழைந்தான்.

“அப்ப கண்ணுல ஒண்ணுமே இல்லயா சார்?”

நல்ல செய்தியைக் கேட்டவன் குரல் இல்லை அது. பரீட்சையில் தோற்றவனின் குரல்.

“இல்லங்கறது நல்லதுதான தம்பி?” என்றார் கண்ணாடிக்காரர். தம்பி என்ற வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது.

“எனக்கு நல்லதில்ல சார்.” தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “பந்து கால்லேர்ந்து கிளம்பறப்பவே எங்க வரும்னு தெரிஞ்சிடும் எனக்கு. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். இப்ப கிளம்பறப்ப அந்தப் பாட்டு கேக்குது. ஆளில்லாத கிரவுண்டுல பிராக்டிஸ் பண்றப்பகூட கேக்குது. சரியாத்தான் பாக்கறோமான்னு ஒரு சந்தேகம் வரும் பாருங்க, அந்த ஒரு நொடி போதும், பந்து உள்ள. ஊரே சேந்து ஒண்ணு சொன்னா அதுல ஏதாவது இருக்கும்ல சார்? எம்பொண்ணு இப்பத்தான் பேசப் பழகுறா. அந்தப் பாட்டத்தான் பாடுறா. ‘அப்பா பாட்டு’ன்னு பேர் வேற வெச்சிருக்கா. விரலக் கண்ணுல வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறா.”

கண்ணாடிக்காரர் சோதனை ஃபிரேமிலிருந்து லென்சுகளை ஒவ்வொன்றாக உருவித் தட்டில் அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

“கண்ணுல கோளாறுன்னு சொல்லுங்க, சரி பண்ணிக்கலாம். ஒண்ணும் இல்லன்னா கோளாறு என்கிட்டதான். அத யார் சரி பண்றது? பேசாம எழுதிக் குடுத்துட்டு மாமனாரோட டைல்ஸ் கடைக்குப் போயிடுவேன். அவர் ரொம்ப நாளா கூப்பிடறாரு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பாட்டு ஒரு கண்ணாடிக் கடைக்காரன் கைதட்டலுக்காகக் கட்டியது. அந்த முட்டாள் நான்தான்.’ மூன்றே வாக்கியம். முதலாவது அவருக்கு எளிது. இரண்டாவதைக்கூடச் சமாளித்துவிடுவார். மூன்றாவது தொண்டையில் நின்றது. நின்ற இடத்தில் வேறொன்று வெளியே வந்தது.

“இருங்க” என்றார். “லேசா ஒண்ணு இருக்கு.”

கோல்கீப்பர் நிமிர்ந்தான்.

“ரொம்ப லேசு. மெஷினே புடிக்காது. வேகமா வர்ற பொருளப் பாக்கறப்ப மட்டும் இடைஞ்சல் பண்ணும். லென்ஸ் போட்டா சரியாயிடும்.”

உள்ளே போனார். கான்டாக்ட் லென்ஸ் விற்கும் கம்பெனிக்காரர்கள், புதிதாகப் போடுகிறவர்கள் போட்டுக் கழற்றிப் பழகுவதற்காகக் கொடுத்துவிட்டுப் போகும் மாதிரி டப்பாக்கள் இருந்தன. பவர் எதுவும் இல்லாதவை. கண்ணில் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அவன் முகத்தைப் பிடித்து மேலே தூக்கி, இமையை விரித்து, விரல்நுனியில் இருந்ததைக் கண்ணில் வைத்தார். கோல்கீப்பர் சிமிட்டினான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பலகையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். தெருவுக்கு எதிரே இருந்த மின்கம்பத்தைப் பார்த்தான்.

“அடேயப்பா” என்றான் மெதுவாக. “பளிச்சுனு இருக்கு சார்.”

அவன் போன பிறகு மனைவி கவுண்டரிலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். கடையில் ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். மாதிரி டப்பா இருந்த தட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

“அது பவர் இல்லாததுல்ல?”

“ம்.”

“அந்தப் புள்ளைக்கு எதுக்குங்க அது?”

“அவனுக்கு ஒரு தெம்பு வேணும். அவ்ளோதான்.”

“தெம்பா?” அவள் டப்பாவை மூடி ஷெல்ஃபில் வைத்தாள். “வேலய விட்டுட்டா உங்க பாட்டால விட்டுட்டான்னு ஆயிடும். அதுக்குப் பயந்துதான குடுத்தீங்க?”

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு அவர் பதில் சொல்லாத கேள்விகளை அடுக்கினால் ஒரு வீடு கட்டலாம். அதில் இது மாடி.

நான்கைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு காலை, மச்சினன் பிரெட் வேனைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, இன்ஜினைக்கூட அணைக்காமல் உள்ளே ஓடி வந்தான். டிரம் அடிக்கிற அடியில் அவனுக்கு ‘இடி’ என்று பெயர். பேச்சும் அப்படித்தான்.

“மாமா! எங்கிட்டயே மறைச்சிட்டீங்களே மாமா! அக்கா, நீயுமா?”

“என்னத்தடா மறைச்சோம்? மொதல்ல வண்டிய ஓரமா நிறுத்து, தெரு அடைச்சுக்கிட்டு நிக்குது” என்றாள் அக்கா.

“டிவி பாக்கலயா? நம்ம கீப்பர் பேட்டி குடுத்திருக்கான். ‘என் கண்ணுல ஒரு சின்னப் பிரச்சனை இருந்திருக்கு, எனக்கே தெரியல, லென்ஸ் போட்டதும் சரியாயிடுச்சு’ன்னு சொல்றான். அதோட விட்டானா? ‘ரசிகர்கள் பாட்டா பாடிச் சொன்னாங்க, நான்தான் கோவிச்சுக்கிட்டேன், இப்ப அவங்களுக்கு நன்றி’ங்கறான். கடை பேரையும் சொல்லிட்டான் மாமா! நம்ம கடை!”

கண்ணாடிக்காரர் துடைத்துக்கொண்டிருந்த ஃபிரேமைக் கீழே வைத்தார்.

“நம்ம பாட்டு நெஜம் மாமா! நாம கிண்டல் பண்ணல, வைத்தியம் பாத்திருக்கோம்!”

அன்றிலிருந்து கடை கடையாக இல்லை. டீமின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கண்ணைக் காட்ட வந்தவர்கள் கொஞ்சம், கண்ணாடிக்காரரைப் பார்க்க வந்தவர்கள் மீதி. வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். டீ வாங்கிக்கொடுத்தார்கள். போன மாதம் வரை ‘இந்த டீமுக்கு நான் தலை முழுகிட்டேன்’ என்றவர்கள், கடை பெஞ்சில் உட்கார்ந்து புது சீசனுக்குக் கணக்குப் போட்டார்கள்.

“போன வருசம் வாங்கின கோல்ல பாதி அவன் கண்ணால வாங்கினது” என்றான் இடி. “கண்ணு சரியாயிடுச்சு. அப்ப பாதி கோல் இல்ல. பாதி கோல் இல்லன்னா தோத்த மேட்ச்ல பாதி டிரா. டிரா ஆனதெல்லாம் ஜெயிச்சது. கூட்டிப் பாருங்க, நாலாவது இடத்துல நிக்கிறோம்.”

“மத்த டீமெல்லாம் அதுவரைக்கும் தூங்கிட்டு இருப்பானா?” என்றாள் அக்கா கவுண்டரிலிருந்து.

“அக்கா, நல்ல நாள்ல வாய வெக்காத.”

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தினமும் வருவார். டீம் கடைசியாகக் கோப்பை வாங்கியபோது அவர் பள்ளிக்கூடப் பையன். அரை டிராயரோடு மைதானத்தின் சுவர் ஏறிக் குதித்த கதையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். போன வருடம் பாதியிலேயே மைதானத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். இப்போது முழு சீசனுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டார். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னார்.

“அந்தப் பையன நானும் கண்டபடி திட்டினேன். வீட்டுக்குப் போனா ராத்திரி சோறு எறங்காது. பாவம், கண்ணு தெரியாமத்தான் நின்னிருக்கான். நீங்க பண்ணது பெரிய புண்ணியம் சார். இந்த வருஷம் அவன நம்பித்தான் வாங்கியிருக்கேன்.”

கண்ணாடிக்காரர் சிரித்து வைத்தார். சிரித்த வாய் மூட நேரமாயிற்று. அவருக்கு மட்டும் தெரியும், ஊர் முழுக்க எதன் மேல் ஏறி நின்றுகொண்டிருக்கிறது என்று. ஊதினால் பறக்கிற ஒரு சவ்வு. அதில் பவர் எண்ணே இல்லை. சீசன் தொடங்கி முதல் கோல் உள்ளே போகும்போது அவன் பவரை ஏற்றச் சொல்லி வருவான். எதிலிருந்து ஏற்றுவது? ஒன்றுமில்லாததிலிருந்தா? ஒருவேளை வேறு டாக்டரிடம் போனால், அந்த டாக்டர் லென்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கோல்கீப்பரின் காதில் எத்தனை வருடம் கேட்கும்? பாட்டு பரவாயில்லை என்றாகிவிடும். பாட்டு அவனை ஏமாற்றவாவது இல்லை.

“சொல்லிடுங்க” என்றாள் மனைவி, சாப்பிடும்போது. “சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள.”

“இப்பத்தான் நல்லா விளையாடுறானாம்.”

“அதனாலதான் இப்ப சொல்லணும். அது அவன் விளையாட்டு. உங்க லென்சோடதில்ல.”

அவள் சொன்னதில் ஒரு வழி தெரிந்தது. முதலில் பாட்டை ஒப்புக்கொள்வது. ‘எழுதினது நான்தான், மன்னிச்சுக்கோ’ என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டால் அவன் கோபப்படுவான், நாலு வார்த்தை கேட்பான். அந்தச் சூட்டிலேயே லென்ஸைப் பற்றியும் சொல்லிவிடலாம். இரண்டு அடியையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம். சீசனுக்கு முந்தின ஞாயிறு, ரசிகர்களுக்கான பயிற்சி ஆட்டம் இருந்தது. நுழைவு இலவசம், முடிந்ததும் வேலியோரம் வந்து வீரர்கள் கை கொடுப்பார்கள். அன்றைக்குச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தார்.

ஞாயிறன்று மழை வரவில்லை, புழுதிதான். வெயிலில் புல் பாதி காய்ந்து கிடந்தது. வடக்கு கேலரி நிரம்பி வழிந்தது. கண்ணாடிக்காரர் உள்ளே வந்ததும் ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள். தபால்காரர் தன் பக்கத்தில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். பாட்டு தொடங்கியது. இப்போது அதில் கிண்டல் இல்லை. அன்பாகப் பாடினார்கள், பெருமையாகப் பாடினார்கள், பெண்கள் குழந்தைகளின் விரலைப் பிடித்து வட்டமாக்கிக் கண்ணில் வைத்துவிட்டார்கள். கோல்கீப்பர் திரும்பி நின்று, கையுறை போட்ட தடித்த விரல்களால் தானும் அப்படியே வைத்துக் காட்டினான். கேலரி கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது.

அவன் விளையாடிய விளையாட்டு! கால்மாட்டில் வந்ததைக் காலால் தட்டினான். மூலைக்குப் போனதைப் பறந்து போய் விரலால் தள்ளினான். பந்து உதைப்பவனின் காலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அவன் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் தன்னை மறந்து எழுந்து நின்றார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த லென்ஸில் ஏதாவது இருக்குமோ என்று அவருக்கே தோன்றியது. தபால்காரர் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பாத்தீங்களா? பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது பாதியில் ஒரு கார்னர் உதை. நாலைந்து பேர் ஒன்றாக எகிறினார்கள். யாருடைய முழங்கையோ கோல்கீப்பரின் முகத்தில் பட்டது. பந்தை விடாமல் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தான். எழுந்தவன் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டான்; மறு கையால் புல்லைக் காட்டினான்.

விசில். ஆட்டம் நின்றது.

முதலில் அவன் மண்டியிட்டான். பிறகு தடுப்பாட்டக்காரர்கள். பிறகு எதிரே ஆடிய இளைஞர் அணி. ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரும் குனிந்தார். வெளியே உட்கார்ந்திருந்த கோச் ஓடி வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, மிதித்துவிடாமல் நுனிக்காலில் நடந்தார். கோல் கம்பங்களுக்கு நடுவே இரண்டு டீமும் தவழ்ந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே கேலரி வாயை மூடிக்கொண்டது. அத்தனை ஜனத்தில் ஒரு இருமல் கேட்கவில்லை. ஒன்றுமில்லாத ஒன்றை அத்தனை பேர் தேடினார்கள்.

“மாமா,” இடி அவர் காதில் கிசுகிசுத்தான். அவன் கிசுகிசுத்து அவர் கேட்டதே இல்லை. “இன்னொரு லென்ஸ் இருக்கா? நீங்க கீழ போங்க மாமா.” அவர் அசையாததைப் பார்த்துவிட்டு மெகாபோனை எடுத்தான். “வழி விடுங்க! டாக்டர் வர்றாரு! பாட்டு எழுதின கையே லென்ஸ் போட்ட கை! வழி விடுங்க!”

கைதட்டல் அவரைத் தள்ளிக்கொண்டு படியிறக்கியது. வேலிக் கதவைத் திறந்துவிட்டார்கள். புல்லில் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றினார். காய்ந்த புல் உள்ளங்காலில் குத்தியது. கோல்கீப்பர் ஒரு கண்ணைப் பொத்தியபடியே எழுந்து வந்தான். பொத்தாத கண் அவரைப் பார்த்து அகலமாகச் சிரித்தது.

“சார்! அந்தப் பாட்டு நீங்க எழுதினதா?”

இதோ, வந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார். “ஆமா தம்பி. அது வந்து… நான்…”

“மேலேர்ந்தே கண்டுபுடிச்சிட்டீங்களே சார்!” அவன் தன் கையுறையை அவர் தோளில் வைத்தான். “எனக்கே தெரியாதத அவ்ளோ தூரத்துலேர்ந்து பாத்திருக்கீங்க. நான் என்னடான்னா உங்களப் போய் மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன். மன்னிச்சுக்கங்க சார்.”

வாங்கிக்கொள்ள நினைத்திருந்த முதல் அடி அப்படிப் போயிற்று. இரண்டாவது மட்டும் தனியாக நின்றது.

“கையை எடு தம்பி,” என்றார். “கண்ணத் திற. அந்தக் கண்ணுல என்ன தெரியுதுன்னு சொல்லு.”

கோல்கீப்பர் கையை எடுத்தான். அச்சகத்தின் பெயரைப் படித்த அந்தக் கண், வெயிலில் சுருங்கி, அவர் முகத்தைத் தேடுவதுபோல் அலைந்தது.

“சுத்தமா ஒண்ணும் தெரியல சார்” என்றான். “எல்லாம் மங்கலா இருக்கு. அடுத்த ஞாயிறு மேட்ச் சார். லென்ஸ் கெடைச்சிடும்ல?”

“கெடைச்சிருச்சு!”

கம்பத்தடியிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரன் கத்தினான். சுட்டுவிரலை வானத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு, எண்ணெய் விளக்கைக் கொண்டுவருகிறவன் போல் அடி அடியாக நடந்து வந்தான். கேலரி எழுந்து நின்றது. யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்கள். அவர் கையை நீட்டினார். விரலிலிருந்து விரலுக்கு அது ஒரு துளி மாதிரி மாறியது. குனிந்து பார்த்தார். அதன் வழியே புல் புல்லாகத் தெரிந்தது, வெள்ளைக் கோடு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

“தம்பி,” என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “இதப் போடறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க சார்” என்றான் கோல்கீப்பர். சொல்லியபடியே, அவருக்கு எட்டட்டும் என்று, புல்லில் மண்டியிட்டு, முகத்தை மேலே நிமிர்த்தி, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு விரலால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டான். வெள்ளை விழியில் ஒரு சிவப்பு நரம்பு ஓடியது. நடுவே கறுப்பு, ஆழமாக, அசையாமல் திறந்திருந்தது. மேலே கேலரியில் ஒருவரும் உட்காரவில்லை. வெயில் அவர் விரல்நுனியில் இருந்ததை மெல்ல உலர்த்தியது. அதன் ஓரம் உள்பக்கமாகச் சுருளத் தொடங்கியது.